மூன்று ஓட்டையை வைத்து முடிவு கட்டாதே

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். பெர்த்தில் வெயில் ஏறிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

துப்பாக்கி கிளப்பில் நீ சுட்ட இலக்குத் தாளை வாட்சாப்பில் படமாக அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். 100 மீட்டரில் மூன்று ஓட்டைகள், ஒன்றையொன்று தொட்டபடி. தோட்டாவில் நிரப்பும் வெடிமருந்தில் எட்டு அளவுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் மும்மூன்று தோட்டா சுட்டதாகவும், இதுவே சிறந்தது என்பதால் இதே அளவில் 200 தோட்டா நிரப்பப் போவதாகவும் எழுதியிருந்தாய். நிரப்புவதற்கு முன் இதைப் படித்துவிடு. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

ஒரே அளவு மருந்து போட்ட 24 தோட்டாவை மும்மூன்றாகப் பிரித்து எட்டுத் தாளில் சுட்டுப் பார். எட்டுத் தாளும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு தாள் மற்றவற்றின் சராசரியில் பாதி அளவுக்குச் சுருங்கி வருவது சர்வசாதாரணம். அங்கே மருந்தளவு மாறவே இல்லை, மாறியது தற்செயல் மட்டும்தான். உன் எட்டுத் தாளில் மிகச் சிறியதைப் பொறுக்கியபோது நீ பொறுக்கியது நல்ல மருந்தளவா, நல்ல தற்செயலா என்று அந்தப் படத்தால் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் மூன்று துண்டை அளந்துவிட்டு இயந்திரம் சரி என்று யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

இன்னொன்று. குண்டுகளின் எண்ணிக்கை கூடினால் ஓட்டைக் கூட்டம் விரியத்தான் செய்யும். மூன்று குண்டில் சராசரியாக 20 மி.மீ. காட்டும் துப்பாக்கி, பத்துக் குண்டில் 32 மி.மீ. அளவுக்குக் காட்டும். துப்பாக்கி கெட்டுப்போய்விட்டது என்று அப்போது பதறாதே. அதன் உண்மையான குணம் அப்போதுதான் வெளியே வருகிறது.

வேகத்துக்கும் இதே கதைதான். ஐந்து குண்டு சுட்டு, வேகம் அளக்கும் கருவி எஸ்.டி. (திட்ட விலக்கம், அதாவது வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) நொடிக்கு 3 மீட்டர் என்று காட்டினால், உண்மையான திட்ட விலக்கம் 1.8-இலிருந்து 8.6 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 95 விழுக்காடு உறுதியோடு அவ்வளவுதான் சொல்ல முடியும். இருபது குண்டு சுட்டால் அந்த இடைவெளி 2.3-க்கும் 4.4-க்கும் நடுவே சுருங்கிவிடும். மருந்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது வேகம் ஏறாமல் ஓரிடத்தில் சமமாக நிற்கிறது, அதுதான் ‘நல்ல இடம்’ என்று எழுதியிருந்தாயே, மும்மூன்று குண்டில் தெரியும் அந்தச் சமநிலம் பெரும்பாலும் அடுத்த சனிக்கிழமை இடம் மாறிவிடும்.

ஆகவே எட்டு அளவு வேண்டாம். இரண்டை மட்டும் எடு. இரண்டுமே மருந்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணையின் உச்சத்துக்குக் கீழே நன்றாகத் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 20 தோட்டா. ஒரே தொகுதிப் பித்தளைக் கூடு, ஒரே பெட்டிப் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), ஒரே தொகுதி மருந்து. குழலைச் சுத்தம் செய்திருந்தால் முதல் மூன்று குண்டைக் கணக்கில் சேர்க்காதே. முதல் அளவில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து, மறுபடி முதல் அளவில் ஐந்து என்று மாற்றி மாற்றிச் சுடு. ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால், குழல் சூடேறியதும் காற்று திரும்பியதும் உன் தோள் களைத்ததும் இரண்டாவதின் தலையில் விழும். ஐந்து ஐந்துக்கு இடையில் குழலின் நடுப்பகுதியைக் கையால் தொட்டுப் பார். நிம்மதியாகப் பிடிக்க முடிந்தால் அடுத்ததைத் தொடங்கு.

முடிந்ததும் ஒரே அளவில் சுட்ட நான்கு தாள்களையும், குறிவைத்த புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் பிடி. வெளிச்சம் ஊடுருவி ஓட்டைகள் தெரியும். இருபதையும் ஒரே வெள்ளைத் தாளில் பென்சிலால் குறி. நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வோர் ஓட்டையும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து சராசரி எடு. ஓரத்து இரண்டு ஓட்டைகளுக்கு இடையிலான தூரத்தைவிட இந்த எண்தான் நம்பத் தக்கது, இருபது குண்டும் அதில் பேசுகின்றன. விலகிப்போன ஒன்றை ‘என் கை தவறியது’ என்று கழிக்காதே. தாளைப் பார்க்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மட்டும் கழிக்கலாம்.

வேகம் அளக்கும் உன் கருவி ரேடார் வகை என்பதால் துப்பாக்கியில் எதுவும் ஒட்டுவதில்லை, நல்லது. கிளப்பில் யாராவது குழலில் கட்டும் காந்த வகையைக் கொடுத்தால், அதை வைத்து வேகம் மட்டும் பார். குழல் முனையில் எடை தொங்கும்போது குண்டு விழும் இடமே மாறும். ரேடாருக்கு ஒரு கெட்ட பழக்கம், பக்கத்து மேசைக்காரர் சுட்டதையும் சில நேரம் உன் கணக்கில் எழுதிவிடும். ஒவ்வொரு சுடலுக்கும் எண்ணைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுது.

மருந்து நிறுக்கும் தராசைப் பற்றி. மருந்தை நிறுக்கும் அலகான கிரெயினில் 0.1 என்றால் 6.5 மில்லிகிராம், ஓர் அரிசி மணியில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. மின்விசிறிக் காற்று தட்டைத் தள்ளினாலே அவ்வளவு மாறும். விசிறியை நிறுத்து, தராசை அரைமணி நேரம் முன்னமே போட்டு வை, பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை சோதனை எடைக்கல்லை வைத்துப் பார். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. குண்டைப் பொருத்தும் முன், கூடுகள் நிற்கும் கட்டையின் மேல் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் பார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தோ உயர்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிறு.

இது எல்லாவற்றையும்விட முக்கியம்: வேகம் சும்மா வராது. அட்டவணையின் உச்ச மருந்தளவுக்கு வரும் முன்பே அதன் உச்ச வேகம் உனக்கு வந்துவிட்டால், உன் துப்பாக்கியில் அழுத்தம் ஏற்கெனவே மேலே போய்விட்டது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்து. சுட்ட பிறகு போல்ட்டின் (துப்பாக்கியின் பின்புறத்தை மூடும் தாழ்) பிடியைத் தூக்கும்போது இறுக்கமாக இருந்தாலோ, கூட்டின் அடிப்பக்கத்தில் பளபளப்பான சிறு வட்டத் தழும்பு விழுந்தாலோ, மிச்சத் தோட்டாக்களைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடு. சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து ‘பொத்’ என்று கேட்டால் அடுத்ததை ஏற்றவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம், ஒரு கம்பியை விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றது. தட்டியும் வெடிக்காவிட்டால் துப்பாக்கி முனையை இலக்கின் பக்கமே வைத்து ஒரு நிமிடம் பொறு.

வெயில் விஷயம் இதுதான். தோட்டாப் பெட்டியைக் காருக்குள் விடாதே. மருந்து சூடேறினால் அழுத்தமும் வேகமும் ஏறும், குளிர்காலத்தில் பத்திரமாக இருந்த அளவு கோடையில் எல்லை தாண்டலாம். சூடான சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை) தோட்டாவை ஏற்றிவைத்துக்கொண்டு காற்று அடங்கக் காத்திருக்கவும் கூடாது.

நீ ஆசைப்படும் 900 மீட்டர் போட்டிக்கு வேகம் சீராக இருப்பது கட்டாயம் வேண்டும். உன் .308 துப்பாக்கியில் நொடிக்கு 3 மீட்டர் வேறுபாடு அங்கே ஏறத்தாழ 8 செ.மீ. மேல்கீழாகத் தெரியும். 100 மீட்டரில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் 100 மீட்டர் தாளைக் காட்டி, இது 900-க்கும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

தைப்பூசத்துக்கு வரும்போது கிளப்புக்குத் தூக்கிப்போகும் பையைக் கொண்டு வராதே. வேறு பை வாங்கிக்கொள், பணம் நான் தருகிறேன். 1960 ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருப்பதே குற்றம். பையின் ஓரத் தையலில் ஒன்று சிக்கியிருந்தாலும் விமான நிலையத்தில் பதில் சொல்லி மாளாது. காற்சட்டைப் பைகளையும் உதறிப் பார். காலிக் கூடும் வேண்டாம்.

அடுத்த முறை படம் வேண்டாம் தம்பி. நாற்பது குண்டின் வேகத்தையும் சுட்ட வரிசைப்படியே, அன்றைய வெப்பநிலையோடு எழுதி அனுப்பு. நானும் இங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா