முதல் சாரண ஆசிரியர்களின் பதிவேடுகளைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் ஒரு முன்னாள் சாரணர் வீட்டுப் பரணிலிருந்து தகரப் பெட்டி ஒன்று எங்கள் கைக்கு வந்தது. உள்ளே பழைய முகாம் கணக்கு நோட்டு. அரிசி, துவரம்பருப்பு, விறகு, மாட்டுவண்டி வாடகை என்று வரிவரியாகச் செலவு. பணம் துண்டு விழுந்த பக்கங்களின் அடியில் பென்சில் குறிப்பு: மீதியைச் சாரண ஆசிரியரே போட்டுவிட்டார். அவர் பெயர் இருந்த இடத்தை ராமபாணப் பூச்சி அரித்து ஓட்டையாக்கிவிட்டது.

சென்னை மாகாணச் சாரணியம் என்றதும் பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட், அருண்டேல் பெயர்கள் வந்துவிடும். வரத்தான் வேண்டும். 1909-இல் கேப்டன் பேக்கர் பெங்களூரில் முதல் சாரணப் படையைத் தொடங்கியபோது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்குத்தான் இடம். அந்தக் கதவு திறக்காததால் பெசன்ட்டும் அருண்டேலும் 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சங்கம் கண்டார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாடியதும் நம் நாட்டுப் பாட்டு. 1921-இல் சாரண இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் வந்தபோது அந்தச் சங்கம் பொதுச் சாரண அமைப்போடு இணைந்தது.

ஆனால் சங்கம் கண்டுவிட்டால் படை தானாக நடக்குமா? பள்ளி மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், பையன்களை மைதானத்தில் நிறுத்தி, முடிச்சுப் போடவும் கட்டுக் கட்டவும் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் இதற்கென்று சம்பளம் வாங்கியவர்கள் இல்லை. அவர்களில் பலருடைய பெயர் இம்மாதிரி நோட்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்பது எங்களை உறுத்துகிறது.

வருகைப் பதிவேடு, முகாம் நாட்குறிப்பு, குரூப் போட்டோ எல்லாவற்றையும் திரட்டிச் செப்பனிட்டு, ஸ்கேன் செய்து, பெயர்வாரியாக அட்டவணை போட்டு எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைக்கப்போகிறோம். உழைப்பு எங்களுடையது. தாள் செப்பனிடும் கைவினைஞர் கூலிக்கும், ஸ்கேனர் வாடகைக்கும், அமிலம் கலக்காத உறைகளுக்கும்தான் பணம் வேண்டும். 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. மாதாமாதம் வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் வரும்.

பணம் தர இயலாதவர்கள் ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள். தாத்தாவின் கழுத்துக்குட்டையோடு ஒரு நோட்டு கிடந்தால் ஒட்ட வேண்டாம், செல்லோடேப் போட வேண்டாம், அப்படியே கொடுங்கள். ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பதிவேடு பாதுகாப்புக் குழுவினர்