தோப்பை விற்று என்விடியா வாங்க நினைக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

காவேரிப்பட்டினம் தோப்பை விற்று, அந்தப் பணத்தை அமெரிக்க ஏஐ கம்பெனிப் பங்குகளில் போடலாம் என்று நீ கேட்டபோது வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தை முழுசாகச் சொல்லவில்லை. அதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உன் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது. 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் கிலோ நாலு ரூபாய், ஐந்து ரூபாய் என்று விழுந்தது. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போனால் என்ன மிஞ்சும்? அதே வருடம் உன் செல்போனில், ஏஐக்குச் சிப்பு செய்யும் என்விடியா கம்பெனியின் பங்கு ஏறிக்கொண்டே இருந்தது. அக்டோபர் கடைசியில் அதன் சந்தை மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை எந்தக் கம்பெனியும் தொடாத உயரம் அது. ஏஐ வெறும் வித்தை என்றும் நான் சொல்ல வரவில்லை. நீ தினமும் அதை வைத்துத்தான் புரோகிராம் எழுதுகிறாய், அது வேலை செய்கிறது. எனக்குச் சந்தேகமெல்லாம் அதைச் சுற்றி ஓடுகிற பணத்தின் மேல்.

அது எப்படி ஓடுகிறது என்று பார். 2025 செப்டம்பரில் என்விடியா, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. ஓப்பன்ஏஐ கட்டப்போகும் தரவு மையங்களில், அதாவது ஏஐ ஓடும் பெரிய கணினிக் கூடங்களில், ஓடப்போவது என்விடியாவின் சிப்புகள். அதே மாதம், ஐந்து ஆண்டுகளில் 30,000 கோடி டாலருக்கு தரவு மையங்களை நடத்தும் ஆரக்கிள் கம்பெனியிடம் கணினித் திறன் வாங்க ஓப்பன்ஏஐ ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தது. கையில் வந்துவிட்ட ஆர்டர்கள் இவ்வளவு என்று ஆரக்கிள் அறிவித்ததும் அதன் பங்கு ஒரே நாளில் 36% ஏறியது. சில நாளிலேயே ஆரக்கிள் கடன் பத்திரம் விற்று 1,800 கோடி டாலர் திரட்டியது. அது கட்டும் மையங்களுக்கு வாங்குவதும் பெரும்பாலும் என்விடியா சிப்புதான். மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் கடைக்காரருக்குத் தானே முன்பணம் கொடுத்து, அந்தப் பணத்தில் தன்னிடமே சரக்கெடுக்க வைத்தால், மண்டி நோட்டில் விற்பனை பிரமாதமாகத்தான் இருக்கும். கடைக்கு ஜனம் வந்ததா என்று யாராவது எட்டிப் பார்க்க வேண்டும்.

ஜனம் வருகிறதுதான். போதுமா என்பதற்கு ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் 2025 நவம்பரில் தானே சொன்ன கணக்கு இருக்கிறது. ஓப்பன்ஏஐயின் வருமானம் அந்த ஆண்டு முடிவதற்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் என்ற அளவைத் தாண்டுமாம். அடுத்த எட்டு ஆண்டுகளில் செலவு செய்ய அப்போது ஒப்புக்கொண்டிருந்தது சுமார் 1.4 லட்சம் கோடி டாலர். வகுத்துப் பார், வருடத்துக்கு 17,500 கோடி. லாபத்தை விட்டுவிடு, வருமானமே அதில் சுமார் ஒன்பதில் ஒரு பங்குதான். மீதியை யாரோ கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுப்பவர்கள் ஒரு காலாண்டு தயங்கினால் என்விடியா, ஆரக்கிள் என்று வரிசையாக அடி விழும்.

2000 மார்ச்சில் அமெரிக்கப் பங்குக் குறியீடான நாஸ்டாக் உச்சம் தொட்டபோதும் இணையம் உண்மையான விஷயம்தான், பொய்யில்லை. ஆனாலும் இரண்டரை ஆண்டுகளில் அந்தக் குறியீடு நான்கில் மூன்று பங்குக்கு மேல் இழந்தது. பழைய உயரத்துக்குத் திரும்பியது 2015இல். உச்சத்தில் வாங்கியவனுக்குப் பதினைந்து வருடம். அன்றைக்குப் பூமிக்கடியில் போட்ட ஃபைபர் கேபிள்களாவது அப்படியே கிடந்து பின்னால் மலிவான இணையமாக நமக்குப் பயன்பட்டன. இன்றைய சிப்பு அப்படிக் காத்திருக்காது. ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும். ஏஐ வேகத்தைக் காரணம் காட்டி, சில சர்வர்களின் ஆயுள் கணக்கை அமேசானே ஆறு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தது. கடன் தீரும் முன்பே அதில் வாங்கிய பொருள் தேய்ந்துவிடும் என்பது எனக்குப் பெரிய கவலை.

ஏஐயில் பணம் போட்ட நிறுவனங்களில் 95% பேருக்கு ஒன்றும் திரும்பவில்லை என்கிற அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக அறிக்கையை என்னைப் போலச் சந்தேகப்படுகிறவர்கள் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். சின்ன ஆய்வு அது. அதை நம்பி நான் எதையும் சொல்லவில்லை. அதைவிட, முதலீட்டாளர்கள் மிதமிஞ்சி உற்சாகப்படுகிறார்கள் என்று ஆல்ட்மன் 2025 ஆகஸ்டில் ஒத்துக்கொண்டதும், இந்த வேகத்தில் நியாயமற்ற அம்சங்கள் இருக்கின்றன, குமிழி உடைந்தால் கூகுள் உட்பட யாரும் தப்ப முடியாது என்று சுந்தர் பிச்சை நவம்பரில் பிபிசியிடம் சொன்னதும் எனக்கு முக்கியம். விற்கிறவர்களே சொல்கிறார்கள்.

அடுத்து அரசியல். நீ இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2025 ஜனவரி 21, டிரம்ப் பதவியேற்ற மறுநாள், ஏஐ தரவு மையங்கள் கட்டும் 50,000 கோடி டாலர் ஸ்டார்கேட் திட்டம் வெள்ளை மாளிகையில் அவர் முன்னிலையில் அறிவிக்கப்பட்டது. ஆறே நாளில் சீனாவின் டீப்சீக் என்கிற மலிவான ஏஐயைப் பார்த்து முதலீட்டாளர்கள் பயந்ததில் என்விடியா ஒரே நாளில் ஏறத்தாழ 59,000 கோடி டாலர் மதிப்பை இழந்தது. ஏப்ரலில் என்விடியாவின் எச்20 சிப்பைச் சீனாவுக்கு விற்கத் தடை வந்தது. ஜூலையில் விற்கலாம் என்றார்கள். ஆகஸ்டில், விற்பதில் 15% அரசுக்கு என்று பேசி முடித்தார்கள். அப்புறம் சீன அரசே அதை வாங்க வேண்டாம் என்று தன் கம்பெனிகளைத் தடுத்தது. ஒரே பொருளுக்கு ஒரே வருடத்தில் இத்தனை உத்தரவு! எந்த நிபுணர் இதைக் கணித்து விலை போட முடியும்?

அந்த ஆகஸ்ட் 1ஆம் தேதி வேலைவாய்ப்பு எண்கள் சரியில்லை என்றதும், அதை வெளியிட்ட அமைப்பின் தலைவரையே டிரம்ப் நீக்கினார். அக்டோபர் 1 முதல் 43 நாள் அமெரிக்க அரசாங்கம் முடங்கிக் கிடந்ததில் அந்த மாத வேலையின்மை விகிதம் வெளியாகவே இல்லை. நாட்டின் நிலைமையைச் சொல்லும் கணக்கே தடுமாறுகிற இடத்தில் உன் அம்மாவின் நிலத்துப் பணத்தை வைக்கச் சொல்கிறாய்.

அரசியல் சண்டை இருந்தாலே முதலீடு வீண் என்று சொல்லமாட்டேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எவ்வளவு சண்டைக்கு நடுவில் வந்தது! 2008இல் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, வேலை நின்று, ஆட்சி மாறி, 2013இல் தண்ணீர் வந்தது. 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, பெரும்பகுதி ஜப்பான் கடன். புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் மஞ்சளாகி, முழங்கால் வளைந்த எங்கள் தலைமுறைக்கு அந்தப் பணம் எதற்குப் போனது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தேவை முன்னால் நின்றது, பணம் பின்னால் வந்தது. தரவு மையங்களில் பணம் முன்னால் ஓடுகிறது, தேவை வந்து சேரும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் 500 ஏக்கரில் ஆலை தொடங்கியபோது வருடத்துக்கு 1 கோடி வண்டி என்றார்கள். 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கு விற்றார்கள். அதே மாதம் 157 வரை போனது. 2025இல் 50 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. ஆலை அங்கேதான் இருக்கிறது, வண்டி ஓடுகிறது, வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். 150 ரூபாய்க்கு வாங்கியவனின் பணம்தான் போய்விட்டது.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. உன் சம்பளம் அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரை அனுப்பப்போவதாகச் சொன்னது, செப்டம்பரில் புதிய எச்1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள். ஏஐ பங்குகள் சரிகிற நாளில் உன் கம்பெனியும் ஆட்டம் காணும். பெங்களூர் பிளாட் தவணை மட்டும் நிற்காது. சம்பளம், வீட்டுக் கடன், சேமிப்பு மூன்றும் ஒரே நாளில் ஆடுகிற நிலைமையை நீயே உண்டாக்கிக்கொள்ளப் பார்க்கிறாய். நம் குடும்பத்தில் வாஷிங்டன் உத்தரவுக்கு ஆடாத சொத்து அந்தத் தோப்பு ஒன்றுதான். பல கம்பெனிப் பங்குகளை ஒன்றாக வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கினால் பரவலாகிவிடும் என்கிறாய். அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகள் அடங்கிய எஸ்அண்டுபி 500 குறியீட்டின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஏழு பெரிய டெக் கம்பெனிகளிடம்தான் இருக்கிறது. சுற்றி அங்கேயேதான் போய் நிற்பாய்.

இன்னொன்றை உன் ஆப் சொல்லியிருக்காது. அமெரிக்கர் அல்லாதவர் 60,000 டாலருக்கு மேல் அந்நாட்டுப் பங்கு வைத்திருந்து இறந்துபோனால், வாரிசுக்குப் போகும் முன் அந்த நாட்டு எஸ்டேட் வரி விழும், 40% வரை. கடவுள் புண்ணியத்தில் நூறு வருஷம் இரு. இருந்தாலும் உன் அம்மா, என் அக்கா பெயரில் இருக்கிற நிலத்துப் பணத்துக்கு இதைக் கேட்டே ஆகவேண்டும்.

சம்பளத்தில் மிஞ்சுவதில் கொஞ்சம் மாதாமாதம் அந்தப் பங்குகளில் போடு, நான் தடுக்கவில்லை. போனாலும் உன் வாழ்க்கை ஆடாத தொகையாக இருக்கட்டும். தோப்புக்கு விலை பேச வருகிறவரிடம் இந்த வருடம் கிரயம் இல்லை என்று அக்காவே சொல்லட்டும், அட்வான்ஸ் எதுவும் கைநீட்டி வாங்க வேண்டாம். மாங்காய் கட்டுப்படியாகவில்லை என்பது உண்மைதான். பாதி மரத்தை எடுத்துவிட்டு வேறு பயிர் வைக்கலாமா, சொட்டு நீருக்கு மானியம் கிடைக்குமா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிட்டு உனக்குப் போன் பண்ணுகிறேன். வரவு செலவு நோட்டை எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உன் மாமா
கிருஷ்ணகிரி