ஒரு நாள் வகுப்புக்குச் செல்லும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "எங்கள் டீச்சர் இப்படிச் செய்ய மாட்டார்" என்று ஒரு மாணவன் சொன்னதும் வகுப்பே சிரித்தது என்றும், இரவுவரை அந்தச் சிரிப்பு காதில் ஒலித்துக்கொண்டிருந்தது என்றும் எழுதியிருந்தாய். உன்னைப் போலவே, வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் பதிலி ஆசிரியராக நான் சென்ற வகுப்புகள் பலவற்றிலும் அதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். உன்னை மட்டம் தட்டுவதற்காக அவர்கள் அதைச் சொல்வதில்லை. பழகிய ஆசிரியர் திடீரென்று வராமற்போன நாளில், வகுப்பு இன்னும் தங்களுடையதுதானா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். "அவர் எப்படிச் செய்வார், சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, முடிந்தவரை அப்படியே செய். உட்காரும் இடத்தையும் வெளியே செல்ல அனுமதி கேட்கும் வழக்கத்தையும் ஒரே நாளுக்காக மாற்றுவதால் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடு. வருகைப் பதிவு எடுக்கும்போதே யார் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால், "மூன்றாம் பெஞ்சு, பேசாதே" என்று சொல்ல வேண்டிய நிலை வராது. பெயரை எப்படி உச்சரிப்பது என்று தெரியாவிட்டால் அந்தப் பிள்ளையிடமே கேள். அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

ஆசிரியர் அறையில் யாரேனும், "ஜன்னலோரத்துப் பையனிடம் எச்சரிக்கையாக இருங்கள்" என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் தன் பழைய குற்றப் பட்டியலை அறியாத ஒரு பெரியவரின் முன்னால் அமர்வது அந்தப் பையனுக்கு அரிதாகவே வாய்க்கும். அந்த வாய்ப்பை நீ கெடுத்துவிடாதே.

கேள்வி கேட்டு, வகுப்பு மௌனமானதும் பதறிப்போய் விடையையும் நீயே சொல்லிவிடுவாய் என்று நினைக்கிறேன். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், 3 நொடியாவது காத்திருந்தால் விடைகள் நீள்வதோடு, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பதையும் கண்டறிந்தார். புதியவர் முன்னால் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதல் இரண்டு நொடிகள் இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுமி தான் எழுதிய கதையைப் படித்துப் பார்க்கச் சொல்லி நோட்டை நீட்டினாள். "நாளைக்குப் படிக்கிறேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அன்று மாலையே அவளுடைய ஆசிரியர் மறுநாள் வந்துவிடுவார் என்ற தகவல் வந்தது. நான் அந்த வகுப்புக்கு மறுபடி போகவேயில்லை. பதிலி ஆசிரியருக்கு நாளை என்பது கிடையாது என்பதை அவளிடம்தான் கற்றேன். எதை ஒப்புக்கொண்டாலும் கடைசி மணிக்குள் முடித்துவிடு.

வகுப்பு முடிந்ததும் அவர்களுடைய ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கிறாய் அல்லவா? நடத்திய பாடத்தையும் நேர்ந்த தொல்லைகளையும் மட்டுமே எழுதினால், அதன் பலனாக மறுநாள் பிள்ளைகளுக்கு வசவுதான் கிடைக்கும். அன்று காலை உன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கிய அதே மாணவன், பிற்பகலில் கேட்காமலேயே நோட்டுகளைச் சேகரித்துக் கொடுத்தான் என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அதை அவனுடைய ஆசிரியருக்கும் எழுதினாயா?

அன்புடன்,
அம்மா