அஃபார் எரிமலைகளுக்குப் பக்கத்தில் ஒரு ராடார் வேண்டும்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹைலி குப்பி எரிமலை வெடித்ததும், சாம்பல் செங்கடலைத் தாண்டி மறுநாள் இரவே டெல்லி வானத்துக்கு வந்ததும், விமானங்கள் ரத்தானதும் நீங்கள் அறிந்ததே. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பகுதி எரிமலைகளுக்குப் பக்கத்தில் ஒரு வானிலை ராடார்.

இந்தியாவில்தான் ராடார்கள் இருக்கின்றனவே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மழையைப் பார்க்கும் ராடாருக்குப் பெரிய துகள்தான் தென்படும். வெடித்த முதல் நிமிடங்களில் கல்லும் கரடுமுரடான சாம்பலும் மேலே எழும்போது, நள்ளிரவானாலும் மேகம் மூடியிருந்தாலும், அது எவ்வளவு உயரம் போகிறது என்று ராடார் காட்டிவிடும். கனமானதெல்லாம் விழுந்து, மாவு போன்ற தூள் மட்டும் மிஞ்சி இங்கே வந்து சேரும்போது ராடாருக்கு ஒன்றும் தெரியாது. 2010-இல் ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லாயோகுட்ல் வெடித்தபோது, சுமார் 150 கி.மீ. தள்ளியிருந்த கெஃப்லாவிக் ராடார்தான் சாம்பலின் உயரத்தை விடாமல் அளந்துகொண்டிருந்தது. அது போதாதென்று பிறகு கிழக்கிலும் ஒன்று வைத்தார்கள்.

2011 ஜூனில் பக்கத்து எரித்ரியாவில் நப்ரோ வெடித்தபோது, முதலில் டுப்பி என்ற வேறொரு மலையின் பெயரைத்தான் உலகம் கேட்டது. வெடித்தது எந்த மலை என்பதிலேயே குழப்பம்! அப்போதே விழித்திருக்க வேண்டாமா? 14 வருஷம் கழித்தும் விண்ணிலிருந்து எடுத்த படங்களைத்தான் நம்பியிருந்தோம்.

எங்களுக்குப் பயணம்தான் தள்ளிப்போனது. ஹைலி குப்பிக்கு அருகிலுள்ள அஃப்டேரா ஊர் மக்களுக்கு வெடிச்சத்தமே எச்சரிக்கை. மேய்ச்சல் நிலமெல்லாம் சாம்பல் படிந்து, கால்நடைகள் வாய் வைக்கப் புல் இல்லாமல் போனது. உயிர்ச்சேதம் இல்லை என்று ஒரு வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. ஆட்டையும் ஒட்டகத்தையும் நம்பி வாழ்கிறவர்களுக்கு அதுகளின் பசி சேதமில்லையா? ஐரோப்பிய வானம் மூடினால் உலகமே கூடிப் பேசுகிறது. அஃபார் மண் மூடினால் யாரும் பேசுவதில்லை. இதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எத்தியோப்பியாவும் எரித்ரியாவும் மட்டும் இந்தச் செலவைச் சுமக்க முடியாது. அந்த வான்வழியில் பறக்கும் நாடுகள், இந்தியாவும் சேர்த்து, பங்கு போட்டுக்கொள்ள நீங்கள்தான் கூட்டிப் பேச வேண்டும். நிரந்தர ராடாருக்கு நாளாகும் என்றால், வண்டியில் கொண்டுபோய் நிறுத்தும் சிறிய ராடாராவது முதலில் வரட்டும். அதன் தகவல் பிரான்சின் துலூஸில் உள்ள எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையத்துக்குப் போகிற அதே நேரத்தில் அஃப்டேராவுக்கும் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விமானப் பயணி