கயலுக்கு, .300 துப்பாக்கி வாங்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மற்ற செய்தியெல்லாம் அவளே உனக்குப் போனில் சொல்லியிருப்பாள்.

வேட்டை அனுமதிக் குலுக்கல் முடிவு ஜூனிலேயே வந்துவிட்டது. எனக்கு ஆடி பிறந்த பிறகுதான் தெரிகிறது, அதுவும் அம்மா வாய் தவறிச் சொன்னதில். கொலராடோவில் ஃப்ளாட் டாப்ஸ் மலை, முதல் ரைஃபிள் சீசன், பெண் எல்க் மான். நல்ல டேக். முதல் தடவைக்குப் பெண் எல்க்தான் சரி. கொம்பைத் தேடி அலைய வேண்டாம், கறியும் நன்றாக இருக்கும். நீயாகவே விண்ணப்பம் போட்டு நீயாகவே வாங்கியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தோஷம்தான். பன்னிரண்டு வயதில் வகுப்பிலேயே முதலாவதாக வாங்கிய ஹன்டர் எஜுகேஷன் கார்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார். யாரோடு போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

கடையில் .300 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கி ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறாய் என்றும் அம்மா சொன்னாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். அது வேண்டாம் கயல். முன்பணம் போனாலும் போகட்டும், நான் தருகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். .300 மேக்னத்தில் 180 கிரெய்ன் எடைக் குண்டு ஏறத்தாழ 3,500 அடி-பவுண்ட் சக்தியோடு கிளம்பும். எட்டு பவுண்ட் துப்பாக்கி என்றால் அது திருப்பி உதைக்கும் உதை 27 அடி-பவுண்ட் பக்கம் வரும். 7 மி.மீ.-08 ரெமிங்டன் என்ற தோட்டாவில் 140 கிரெய்ன் போட்டு அதே எடைத் துப்பாக்கியில் சுட்டால் உதை 13. சரிபாதி. நீ பார்த்து வைத்திருப்பது மலை ஏறுகிறவர்களுக்கென்று ஆறு பவுண்டில் செய்தது என்கிறாள் அம்மா. எடை குறையக் குறைய உதை ஏறும். தூக்கிக்கொண்டு நடக்கச் சுகமாக இருக்கும், சுடும்போதுதான் தெரியும். குழல் நுனியில் ப்ரேக் மாட்டினால் உதை குறையும் என்று கடையில் சொல்வார்கள். குறையும்தான். ஆனால் சத்தம் பக்கவாட்டில் காதுக்கு வரும். காட்டில் காதுறை இல்லாமல் ஒரே ஒரு தரம் சுட்டாலும் காது கெட்டுவிடும்.

எல்க் சக்தியைப் பார்த்து விழுவதில்லை. இரண்டு நுரையீரலிலும் ஓட்டை விழுந்தால் விழும், இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய தோட்டாவானாலும் ஓடிவிடும். உதைக்குப் பயந்த உடம்பு, ட்ரிக்கர் விடுபடுவதற்கு முன்பே கண்ணை மூடும், தோளை முன்னே தள்ளும். குழல் நுனி தாழும். தோளிலிருந்து நுனிவரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இருக்கிறது. நுனி ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் 200 கெஜத்தில் குண்டு ஏழு அங்குலம் கீழே போய்விடும். நுரையீரலுக்கு வைத்த குறி காலில் போய் விழும். கால் முறிந்த எல்க் மூன்று காலில் இரண்டு மலை தாண்டும். அதைச் சுட்டவர் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உதைக்காத துப்பாக்கி வாங்கு.

நான் சொல்வது 7 மி.மீ.-08. 140 கிரெய்ன் குண்டு 300 கெஜத்திலும் 1,500 அடி-பவுண்டுக்குக் குறையாது. எல்க்குக்கு அதுதான் பலரும் வைத்திருக்கும் கணக்கு. ஒரு குறை உண்டு, மீக்கர் போன்ற சின்ன ஊர்க் கடைகளில் இந்தத் தோட்டா இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. இப்போதே வாங்கி இரண்டு பைகளில் பிரித்து வை. அது வேண்டாம் என்றால் .308, உதை 17, 18 வரும், தோட்டா எங்கேயும் கிடைக்கும். 6.5 க்ரீட்மோரும் பெண் எல்க்குக்குப் போதும், 250 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வாய் என்றால். .243 வேண்டாம். கொலராடோ சட்டம் எல்க்குக்கு .24 காலிபரும் 85 கிரெய்ன் குண்டும் இருந்தால் விட்டுவிடும். குறி ஒரு சாண் தவறினால் அந்தச் சின்னக் குண்டு தோள் எலும்பைத் தாண்டாது.

எந்தக் கம்பெனி என்பது அவ்வளவு முக்கியமில்லை. டிக்கா, ரூகர், சாவேஜ், எது வாங்கினாலும் போல்ட் ஆக்‌ஷனாக இருக்கட்டும். கையுறை போட்ட விரலால் சேஃப்டியைச் சத்தமில்லாமல் தள்ள முடிகிறதா என்று கடையிலேயே பார். முக்கியம் ஸ்டாக்கின், அதாவது தோளில் வைக்கும் பின்கட்டையின் நீளம். ட்ரிக்கரிலிருந்து பின்பக்க ரப்பர்வரை அளந்தால் சாதாரணமாக 13½, 13¾ அங்குலம் இருக்கும். அது ஆறடி ஆளுக்கு. உன் உயரத்துக்கு 12½ முதல் 13க்குள் இருக்க வேண்டும். ஸ்டாக் நீளமாக இருந்தால் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியாது. அதைத் தேடிக் கழுத்து தானாக முன்னே நீளும். கண் ஸ்கோப்புக்கு அருகில் போய்விடும், உதை வந்ததும் வளையம் நெற்றியில் அடிக்கும். கனமான அக்டோபர் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போ. கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வை, பிறகு திற. கழுத்தை அசைக்காமல் முழு வட்டம் தெரிந்தால் அதுதான் உன் அளவு. படுத்தும் பார். மேட்டைப் பார்த்துச் சுடும்போதும் படுத்துச் சுடும்போதும்தான் கண் இன்னும் முன்னே போகும்.

கயல், உன் வலது புருவத்துக்கு மேல் இருக்கும் தழும்பைப் பற்றி யார் கேட்டாலும், நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று நீ சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பொய். நீ சரியாகத்தான் பிடித்தாய். அந்த ஸ்டாக் 13¾ அங்குலம், உனக்கு வயது பதின்மூன்று, துப்பாக்கி மேக்னம். மேலே எழுதியதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், நாலு பேர் பார்க்க என் பெண் அதைச் சுட வேண்டும் என்று. ரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போது அண்ணன் முன்னால் உன்னிடம் ஒன்று சொன்னேனே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. பதினெட்டு வருஷமாக நீ என்னோடு மலைக்கு வராததற்கு என்ன காரணம் என்று அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை, எனக்குத் தெரியும் என்பதால். இப்போது அதே .300ஐ நீ எடுத்து வைக்கச் சொல்லியிருப்பது எனக்குக் காட்டத்தான் என்றால், வேண்டாம்மா. தவறு என்னுடையது. உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

தோட்டா விஷயத்துக்கு வருகிறேன். குண்டு உள்ளே போய் மலர வேண்டும், ஆனால் சிதறக் கூடாது. 1940களில் ஜான் நாஸ்லர் கனடாவில் ஒரு மூஸ் மானை வேட்டையாடியபோது குண்டுகள் ஆழமாகப் போகாமல் மேலேயே உடைந்தன. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பார்ட்டிஷன், நடுவில் ஒரு தடுப்பு. முன்பாதி மலரும், பின்பாதி கெட்டியாக உள்ளே போகும். இன்றைக்கும் எல்க்குக்கு நல்ல குண்டு. ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த அக்யூபாண்டும் நல்லது. முழுச் செம்பு வேண்டும் என்றால் பார்ன்ஸ், 120 கிரெய்ன் போதும். செம்பு எடை இழக்காது, அதனால் ஒரு படி லேசாகவே போகலாம். வேகம் குறைந்தால் மலராது, அதனால் தூரம் வேண்டாம். அண்ணன் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள், ஈயத் துகள் காயத்தைவிட்டு ஓர் அடி தள்ளிக்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் கறியில் கிடக்கும். அதனால் எனக்குச் செம்பின்மேல்தான் மனது. மேட்ச் என்று போட்ட போட்டிக் குண்டுகள் பக்கம் போகாதே. காகிதத்தில் அழகாகச் சுடும், தோள் எலும்பில் பட்டால் நொறுங்கும்.

இரண்டு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பார். மூன்று மூன்றாகச் சுடு, நடுவில் குழல் ஆறட்டும். 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் போதும். எது பிடிக்கிறதோ அதில் ஐந்து பெட்டி, எல்லாவற்றிலும் ஒரே லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரித்ததற்கான எண், இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. லாட் மாறினால் குண்டு விழும் இடமும் மாறலாம்.

ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும், பெரியது வேண்டாம். மரங்களுக்குள் நடக்கும்போது 3இலேயே வைத்திரு. 9இல் வைத்திருந்தால் நாற்பது கெஜத்தில் எல்க் எழுந்து நின்றாலும் வெறும் மயிர்தான் தெரியும். வளையத் திருகுகளை 15 முதல் 18 அங்குல-பவுண்டுக்கு மேல் முறுக்காதே. அதிகமானால் ஸ்கோப் நசுங்கும், குறைந்தால் நழுவும். குறி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்துக்குப் போகிறது என்றால் முதலில் திருகைப் பார். ஸீரோ பண்ணும்போது, அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி திருத்தும்போது, போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியாகவே 25 கெஜத்து வட்டத்தைப் பார்த்து, ஸ்கோப்பை அதற்குத் திருப்பு. அங்கே சரியானதும் 100 கெஜம் போ. 100இல் ஒன்றேமுக்கால் அங்குலம் மேலே வைத்தால் 200இல் நேராக விழும், 300இல் எட்டு அங்குலம் கீழே. 250வரை நடுவில் வைத்தே சுடலாம். காரில் போய் இறங்கியதும் முகாமில் இரண்டு குண்டு சுட்டுச் சரிபார்.

பழகும்போது மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டு இருக்காதே. ஸீரோ முடிந்ததும் மேஜையின் வேலை முடிந்தது. ஒன்பது அங்குலக் காகிதத் தட்டை வைத்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் ஐந்து குண்டு சுடு. ஐந்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ அதுதான் உன் தூரம். 150 என்றால் 150. மலையில் யார் என்ன சொன்னாலும் அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்குப் பதினைந்து தோட்டாவுக்கு மேல் சுடாதே, தோள் களைத்தால் பழைய பதற்றம் திரும்பும்.

மலையில் அக்டோபர் நடுவில் மதியம் வெயில் அடிக்கும், விடியலில் உறையும். போல்ட்டுக்குள் எண்ணெய் இருந்தால் குளிரில் இறுகி ஊசி மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காது. எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடு. குழல் வாயில் ஒரு துண்டு எலக்ட்ரிக் டேப் ஒட்டு, பனி உள்ளே போகாது. சுடுவதற்கு முன் எடுக்க வேண்டாம். துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவராதே, வியர்த்துவிடும். உடம்பில் ஆரஞ்சு நிறத் துணி 500 சதுர அங்குலம் இருக்க வேண்டும், தொப்பியும் சேர்த்து.

எல்க் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் பின்கோட்டைப் பிடித்து, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. கழுத்து மயிரைப் பார்த்து மேலே வைத்துவிடாதே. அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறதா பார், குண்டு ஊடுருவி அதையும் அடிக்கும். ஒரு குண்டு போட்டதும் போல்ட்டை இழுத்துவிட்டு ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டிரு. நின்றுகொண்டிருந்தால் இன்னொன்று சுடு. ஓடி மறைந்தால் அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே உட்கார்.

விழுந்த பிறகுதான் வேலை. பெண் எல்க் 500 பவுண்ட் வரும். தோல் கனம், மதிய வெயிலில் தோலை உரிக்காமல் விட்டால் பின்தொடை எலும்போரம் உள்ளேயிருந்து புளித்துப்போகும். ஒரு பின்தொடை மட்டுமே 50 பவுண்டுக்கு மேல் இருக்கும். பத்தாயிரம் அடி உயரத்தில் தனி ஆளாகச் சுமந்தால் நாலு நடை, ஐந்து நடை. கடைசி நடை இருட்டில்தான். யாரோடு போகிறாய் என்று கேட்கவில்லை என்றுதான் எழுதினேன். இரண்டாவது ஆள் இருந்தால் நல்லது.

தபாலில், ஸ்கோப் திருகை அளவோடு முறுக்க ஒரு டார்க் ஸ்க்ரூடிரைவரும் வெடிக்காத ஆறு டம்மி தோட்டாக்களும் அனுப்புகிறேன். 7 மி.மீ.-08 அளவுதான். அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள், உடையாமல் வந்தால் சரி. டம்மியை நிஜத் தோட்டாக்களோடு கலந்து ஏற்ற வேண்டும். டம்மி வரும்போது குழல் நுனி தாழ்கிறதா என்று பக்கத்தில் நிற்பவர் பார்க்க வேண்டும். நீயே ஏற்றினால் எது வரும் என்று தெரிந்துவிடும், பயன் இல்லை. வேறொருவர்தான் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அப்பா