அரச்சலூர் எழுத்துகளில் சுண்ணக்கட்டி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் பாம்பேயில் கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த எழுத்துச் சதுரத்தைப் பார்க்க உலகமே போகிறது. 5 வரி, வரிக்கு 5 எழுத்து. எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதே 5-க்கு 5 அமைப்பில், ‘த தை தா தை த’ எனத் தொடங்கும் தாளச் சொற்கட்டு நம் ஈரோடு மாவட்டம் அரச்சலூர் நாகமலைக் குகைத்தளத்தில் தமிழி (தமிழ்-பிராமி எனப்படும் பழந்தமிழ் எழுத்து) பொறிப்பாக இருக்கிறது! எழுத்துகளைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் எனப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் படம் தெளிவாக வரட்டுமென்று சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பக் கூடாது. பாறையின் இயற்கைக் கீறலும் எழுத்துக்கோடாகிவிடும். அடுத்து வருபவர் ‘த’வைத் ‘தா’ என்பார். டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானே எழும். நேர் ஃபிளாஷ் அந்த நிழலை அழித்துவிடும். தூசிக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை மட்டுமே. கம்பித் தூரிகை கூடவே கூடாது. இந்த விவரத்தைத் தமிழில் எழுதிய பலகை அடிவாரத்தில் உடனே வைக்க வேண்டும்.

வாசகர், ஈரோடு