வாய்க்கால் கரையில் நிற்கும் சக்கர நாற்காலி

ஆசிரியருக்கு வணக்கம்.

மயிலாடுதுறை வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடும்ப அட்டை என்று வருபவை ஓரிரு நடையில் முடிந்துவிடும். முடியாமல் ஆண்டுக்கணக்கில் என்னிடமே திரும்பி வருபவை சில உண்டு. அவற்றுள் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகளுக்காக எழுதும் மனுக்களைப் பற்றியே இக்கடிதம்.

டெல்டாவில் பழங்குடியினர் ஏது என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பழங்குடி என்றால் மலை என்று நினைத்துப் பழகிவிட்டோம். கொள்ளிடக் கரையோர இருளரும், பூம்பூம் மாட்டுக்காரர் என்று நாம் அழைக்கும் ஆதியன் சமூகத்தாரும், 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நரிக்குறவரும் இந்தச் சமவெளியில்தான் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 விழுக்காடுதான். டெல்டாவில் அவர்கள் ஓர் ஊருக்குப் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறி, பெரும்பாலும் வாய்க்கால் கரையிலோ குளத்துப் புறம்போக்கிலோ குடியிருப்பதால், அவர்களுக்குள் இருக்கும் மாற்றுத்திறனாளி யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆதியன் குடும்பத்துப் பெண்ணொருவர் மூளை முடக்குவாதம் உள்ள தம் பன்னிரண்டு வயது மகனை இடுப்பில் சுமந்துகொண்டு என்னிடம் வருவார். அவனுக்கு அடையாள அட்டை இருக்கிறது. முகாமொன்றில் சக்கர நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஏனம்மா தூக்கி வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வந்து பாருங்கள் என்றார், போனேன். தார்ச்சாலையிலிருந்து அவர்கள் குடிசைக்கு வாய்க்கால் கரைமேல் முந்நூறு அடிக்குக் குறையாமல் நடக்க வேண்டும். ஓர் ஆள் மட்டுமே போகக்கூடிய அகலம். நடுவே கன்னி வாய்க்காலைக் கடக்க ஒரு பனைமரத் துண்டு போட்டிருக்கிறார்கள். நாற்காலி குடிசையை ஒட்டி, உரச்சாக்கு போர்த்தி, முன்சக்கரம் இரண்டிலும் களி அப்பிக் காய்ந்து நின்றது. "நாற்காலி நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா ரோட்டுக்குக் கொண்டாரணும்னா அதை ஒருத்தர் தூக்கணும், இவனை ஒருத்தர் தூக்கணும். நான் ஒருத்திதானே இருக்கேன்" என்றார் அந்தத் தாய். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பனந்துண்டின் மேல் மகனோடு அவர் நடப்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நல்ல சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் நிலம், வீட்டு வசதி ஒதுக்கீட்டிலும் 5 விழுக்காட்டைத் தனியே வைக்கச் சொல்கிறது. பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்றக் கெடுவும் விதித்தது. இச்சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில், அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15(1)-ஆவது விதி செல்லாது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஆயினும் அணுகல் என்றதும் அலுவலக வாசலில் அமையும் சாய்தளத்தையும், கழிப்பறையின் கைப்பிடியையும், மின்தூக்கியையுமே நாம் பேசுகிறோம். அலுவலக வாசல் வரை ஒருவரால் வந்துவிட முடியும் என்று வைத்துக்கொண்டு பேசும் பேச்சு அது. என்னிடம் வருபவர்களுக்கோ தடை குடிசை வாசலிலேயே தொடங்குகிறது.

அந்தப் பாதையைக் கேட்டால், நீர்நிலைப் புறம்போக்கு என்று பதில் வருகிறது. அங்கே பட்டா கொடுக்க முடியாது. பட்டா இல்லாத இடத்தில் வீடும் கழிப்பறையும் கட்டித் தர முடியாது. ஆகவே பாதையும் இல்லை. நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்பதை இந்த மண்ணில் பிறந்த நான் மறுக்க மாட்டேன். அப்படியானால் மாற்று இடம் கொடுப்பதுதான் முறை. சட்டம் சொல்லும் அந்த 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், பட்டா இல்லாத பழங்குடி மாற்றுத்திறனாளிக் குடும்பத்துக்கு முதலிடம் என்று மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். இடம் கிடைக்கும் வரையிலாவது, கரையைச் சிதைக்காமல் கிராவல் கொட்டிச் சமன்படுத்தி, பனந்துண்டு கிடக்கும் இடத்தில் கைப்பிடியுடன் ஒரு சிறுபாலம் அமைக்க ஊராட்சிக்கு அனுமதி வேண்டும்.

சான்றிதழ்களின் கதை தனி. பழங்குடியினருக்கான சாதிச் சான்றை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். குறைபாட்டின் விழுக்காட்டை முடிவு செய்வது மருத்துவக் குழு. இரண்டு துறை, இரண்டு வரிசை. மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமாகும் வரை மாவட்டத் தலைநகரில் ஒரு வேலை என்றால் நாகப்பட்டினம் வரை அலைந்தோம்; அந்தத் தூரம் குறைந்ததே பெரிய உதவி. ஆனாலும் ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் பிழைப்புப் போகிறது. கோட்டாட்சியரின் விசாரணையும் மருத்துவக் குழுவின் பரிசோதனையும் ஒரே நாளில், குடியிருப்புக்கு அருகிலுள்ள பள்ளிக்கூடத்தில் நடக்க என்ன தடை? மருத்துவ வசதி அருகிலேயே கிடைக்க வேண்டும், குறிப்பாகக் கிராமப்புறத்தில், என்று இதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொல்கிறதே.

அப்படி நடத்தும் முகாமுக்கு அவர்கள் மொழி தெரிந்த ஒருவரும் வர வேண்டும். நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு சிறுவனிடம் தமிழில் கேள்வி கேட்டதையும், அவன் பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதையும் நான் உடனிருந்து கண்டேன். அவனுக்குக் கேள்வி விளங்கவில்லையா, மொழி விளங்கவில்லையா என்று கேட்க அங்கே யாருமில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆலோசனை வாரியத்தில் பழங்குடியினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது 2016 சட்டம். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழ்நாடு 2025-இல் சட்டத்தைத் திருத்தியது. அதை மனமார வரவேற்கிறேன். பழங்குடிக் குடியிருப்புள்ள ஊராட்சிகளில் அந்த இடத்துக்கு அக்குடியிருப்பினரையும் கருத வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அளவிலான குழுவிலும் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். புயலின்போது யாரை முதலில் தூக்கி வர வேண்டும் என்று சொல்ல அப்போது ஊராட்சியில் ஒருவர் இருப்பார். 2018-இல் கஜா அடித்த பின் நான் எழுதிய நிவாரண மனுக்களில், கதவு எண் இல்லை என்பதற்காகவே திரும்பியவை உண்டு.

அந்தத் தாய்க்காகப் பாதை கேட்டு நான் எழுதிய மனு, நீர்நிலைப் புறம்போக்கு என்பதால் பரிந்துரைக்க இயலாது என்ற பதிலோடு மூன்றாம் முறையாகத் திரும்பியிருக்கிறது. வரும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு நான்காவதை எழுதி வைத்திருக்கிறேன். இம்முறை பாதையோடு மாற்று இடத்தையும் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதும் வாசகர் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.